எவ்வளவு என்று சொன்ன மீட்டர், எப்போது என்று சொல்லவில்லை

1880களில் நியூயார்க்கில் மின்கட்டணத்தைத் தராசில் நிறுத்துக் கணக்கிட்டார்கள். தாமஸ் எடிசன் 1882 செப்டம்பர் 4 அன்று பேர்ல் தெருவில் தொடங்கிய மின்நிலையத்தின் வாடிக்கையாளர்களுக்கு முதலில் மீட்டரே கிடையாது. பிறகு வந்தது ஒரு கண்ணாடிச் சாடி. உள்ளே துத்தநாக சல்பேட் கரைசல், அதில் மூழ்கிய துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குப் போகும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு இந்தச் சாடி வழியாகப் போகும். ஒரு தகடு கரைந்து இன்னொன்றில் படியும். மாதம் ஒருமுறை ஊழியர் வந்து தகடுகளைக் கழற்றிக்கொண்டு போய் நிறுப்பார். எடையில் உள்ள வித்தியாசம்தான் பில். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடக் கூடாதே என்று பெட்டிக்குள் ஒரு விளக்கும் வைத்திருந்தார்கள். குளிர் கூடினால் அது தானாகவே எரியும். வீட்டுக்காரருக்குப் படித்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. நிறுத்தவர் சொன்னதுதான் கணக்கு.

தட்டு சுழலும் மீட்டர் வந்தபோது இந்த அவநம்பிக்கை தீர்ந்தது. ஹங்கேரியின் ஒட்டோ பிளாத்தி 1889இல் காப்புரிமை பெற்ற அந்த வகையின் வாரிசுகள்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்க வீட்டுச் சுவர்களில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் சாடிக்கும் தட்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. எவ்வளவு மின்சாரம் செலவானது என்று இரண்டும் சொல்லும். எப்போது செலவானது என்று சொல்லாது. மாலை ஆறு முதல் பத்துக்குள் 10 யூனிட் எரித்த வீடும், அதே 10 யூனிட்டை நாள் முழுக்கப் பரப்பி எரித்த வீடும் மீட்டரின் முன் ஒன்றே. மின்நிலையத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு வாடிக்கையாளர்கள். மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைக்க அன்று வழியில்லாததால், ஸ்விட்சைத் தட்டும் அந்தக் கணத்தில் எங்கோ ஒரு இயந்திரம் அதை உண்டாக்கியாக வேண்டியிருந்தது. வீட்டு மின்சாரத்தைக் கணிக்கும் தொழிலின் வரலாறு பெரும்பாலும் இந்த விடுபட்ட ‘எப்போது’ தகவலைச் சுற்றுவழிகளில் மீட்டெடுக்க நடந்த முயற்சிகளின் வரலாறுதான்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஹாப்கின்சன். 1892இல் இளம் பொறியாளர் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், மின்சாரம் வழங்கும் செலவில் பெரும்பங்கு நிலக்கரிக்குப் போவதில்லை, எந்த நேரத்தில் கேட்டாலும் கொடுக்கத் தயாராக நிற்பதற்கே போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆண்டில் சில மாலைகள் மட்டும் எல்லா விளக்குகளையும் ஏற்றுகிற வீட்டுக்காகவும் நிலையம் ஆண்டு முழுக்க இயந்திரம் வைத்திருக்க வேண்டும். அப்படியானால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைப்பது எந்த வகையில் நியாயம்?

பிரைட்டன் நகராட்சியின் மின்பொறியாளர் ஆர்தர் ரைட் இதற்கு ஒரு கருவியே செய்தார். யு வடிவக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் திரவம். ஒரு முனையில் மின்னோட்டம் காற்றைச் சூடாக்கும். விரிந்த காற்று திரவத்தைத் தள்ள, அது வழிந்து பக்கக் குழாயில் விழும். பக்கக் குழாயில் நிற்கும் உயரம்தான் அந்த வீடு ஒரே சமயத்தில் கேட்ட அதிகபட்ச மின்சாரம். காற்று மெதுவாகத்தான் சூடாகும் என்பதால் ஒரு நிமிடத் துள்ளல் கணக்கில் ஏறாது. எளிமையான, அழகான கருவி. ஆனால் இதுவும் எந்த நாள், எந்த மணி என்று சொல்லவில்லை. உச்சம் எவ்வளவு என்று மட்டும் சொன்னது.

பிரைட்டனின் இந்த ஏற்பாட்டை உலகத் தொழிலாக்கியவர் சாமுவேல் இன்சல். லண்டனில் பிறந்து, 1881இல் எடிசனின் செயலாளராக அமெரிக்கா போய், 1892இல் சிகாகோ எடிசன் நிறுவனத்தின் தலைவரானவர். 1894இல் தாய்நாட்டுக்கு வந்திருந்தபோது பிரைட்டனில் மூடிய கடைகளில்கூட விளக்குகள் எரிவதைக் கண்டு விசாரித்தார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் புகழ்பெற்ற கட்டம். காரணம், உச்சத்தை வைத்து விலை போட்டு, அதற்கு மேல் எரிப்பதை மலிவாக்கிய ரைட்டின் கட்டண முறை. அந்த முறையை இன்சல் சிகாகோவுக்குக் கொண்டுபோனார், அதோடு நிற்கவில்லை. தன் வாடிக்கையாளர்களை ஒரு புள்ளியியலாளரின் கண்ணோடு எண்ணத் தொடங்கினார்.

அவர் கூட்டங்களில் காட்டிய ஓர் உதாரணம் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. சிகாகோவின் ஒரு தெருத்தொகுதியில் ஏறத்தாழ 190 குடியிருப்புகள். ஒவ்வொரு வீட்டின் தனித்தனி உச்சத் தேவையையும் கூட்டினால் 68 கிலோவாட்டைத் தாண்டியது. ஆனால் அத்தனை வீடுகளுக்கும் சேர்த்து மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரில் அளந்தால் உச்சம் வெறும் 20 கிலோவாட்தான். ஒரு வீட்டில் விருந்து நடக்கும்போது அடுத்த வீடு இருட்டாக இருக்கிறது. ஒருவர் படுத்த பிறகு இன்னொருவர் படிக்க உட்காருகிறார். தனித்தனியாக இயந்திரம் வைத்தால் ஆகும் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எல்லோருக்கும் சேர்த்து வைத்துவிடலாம். ஒவ்வொரு வீடும் எப்போது எரிக்கும் என்று தெரியாமலே, ஆயிரம் வீடுகள் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிடலாம் என்பதைத் தொழில் அன்றே புரிந்துகொண்டது. இன்சலின் சாம்ராஜ்யம் 1932இல் சரிந்து, அவர் வழக்கைச் சந்தித்து விடுதலையானது தனிக் கதை. அந்தக் கணக்கு மட்டும் சரியவில்லை.

கணக்கு சரியாக இருந்தும் உச்ச நேரத்தில் கைவிட்ட ஆண்டு ஒன்று உண்டு. 1947இன் கடும் குளிரில் பிரிட்டனில் நிலக்கரித் தட்டுப்பாடு ஏற்பட, நாடெங்கும் மின்வெட்டு. போருக்குப் பிந்தைய வீடுகளில் சிறு மின்சார ஹீட்டர்கள் பெருகியிருந்தன; அவை எல்லாமே காலையிலும் மாலையிலும் ஒன்றாக ஏறின. வீட்டு உச்சத்தைக் குறைக்க வழி தேடி அரசு ஒரு குழுவை அமைத்தது. தலைவர் சர் ஆண்ட்ரூ குளோ. இந்திய சிவில் சர்வீஸ்காரர், 1947 வரை அசாமின் ஆளுநர். பிரம்மபுத்திரா வெள்ளத்தைப் பார்த்தவர் கையில் ஹீட்டர் பிரச்சினை வந்து விழுந்தது. குளிர்கால மாதங்களில் யூனிட்டுக்குக் கூடுதல் விலை, மற்ற மாதங்களில் சற்றுத் தள்ளுபடி என்று குழு பரிந்துரைத்தது. 1948–49 குளிர்காலத்தில் அமலுக்கு வந்தது. ஒரே ஆண்டில் கைவிடப்பட்டது. தோற்றதில் ஆச்சரியமில்லை. பிரச்சினை காலை, மாலை உச்ச நேரம் பற்றியது. வீட்டு மீட்டருக்கோ மணி தெரியாது. அதனால் விலையைப் பருவம் முழுக்க ஏற்றினார்கள். நள்ளிரவில் எரித்தவரும் மாலையில் எரித்தவரும் ஒரே அபராதம் கட்டினார்கள்.

இந்தச் சூழலில்தான் ஹெண்ட்ரிக் ஹௌட்டாக்கர் என்ற இளம் டச்சுக்காரர் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார்: விலை மாறினால் வீடுகள் உண்மையிலேயே மாறுமா? 1951இல் ராயல் புள்ளியியல் கழகத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்டது பிரிட்டனின் 42 நகரங்களின் 1937–38ஆம் ஆண்டுக் கணக்கு. லண்டன் போன்ற பெருநகரம் ஒன்றின் சராசரியை எடுக்காமல் நகரம் நகரமாக ஒப்பிட்டார்: எங்கே வருமானம் அதிகம், எங்கே கூடுதல் யூனிட்டின் விலை குறைவு, எங்கே எரிவாயு மலிவு, எங்கே வீட்டில் கனமான மின்சாதனங்கள் அதிகம். விலையை மட்டும் இரண்டு ஆண்டு முந்தையதாக எடுத்தார். இன்றைய விலையைப் பார்த்து யாரும் நாளையே அடுப்பு வாங்கிவிடுவதில்லை. வாங்கிய பிறகுதான் யூனிட் ஏறும். அந்தச் சின்ன முடிவில் வீடுகளைப் பற்றிய நல்ல புரிதல் இருக்கிறது. வருமானம் ஒரு சதவீதம் உயர்ந்தால் மின்சாரம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் உயர்கிறது, விலை ஒரு சதவீதம் உயர்ந்தால் ஏறத்தாழ 0.9 சதவீதம் குறைகிறது என்பது அவர் கண்ட விடை. வீட்டு மின்தேவை பற்றிய பொருளாதார ஆய்வுகள் பல இன்றும் இந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆனால் இதுவும் ‘எவ்வளவு’ பற்றியதே.

‘எப்போது’ என்பது கட்டுப்பாட்டு அறைக்காரர்களின் தலைவலி. அவர்கள் முதலில் பிடித்துக்கொண்டது வானிலையை. பிரிட்டிஷ் மின்கட்டமைப்பில் ஒரு சூத்திரம் வழக்கத்துக்கு வந்தது: இன்றைய கணக்குக்கு எடுக்க வேண்டிய வெப்பநிலை என்பது, கடந்த சில மணி நேரச் சராசரியில் பாதியும், நேற்று இதே நேரத்துக்கு எடுத்த கணக்கில் பாதியும். நேற்றைய கணக்குக்குள் முந்தாநாள் இருக்கிறது, அதற்குள் அதற்கு முந்தைய நாள். செங்கல் சுவர் குளிர் ஏறவும் இறங்கவும் நாளெடுக்கும் என்பதை ஒரு பெருக்கல், ஒரு கூட்டலில் அடக்கிவிட்டார்கள். காற்றின் வேகத்துக்குத் தனிக் கணக்கு, வெளிச்சத்துக்குத் தனி. மேகம் மூடினால் பகலிலேயே விளக்கு ஏறும்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. நாட்டில் பாதிப் பேர் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்து, ஒரே நொடியில் எழுந்து, டீ போட கெட்டிலைத் தட்டினால் என்ன ஆகும்? இன்சலின் சிகாகோ கணக்கு அந்த ஐந்து நிமிடத்துக்குத் தலைகீழாகும். எல்லோருடைய உச்சமும் ஒன்றாக வருகிறது. 1984 ஜனவரி 22 அன்று ‘தி தார்ன் பேர்ட்ஸ்’ தொடர் முடிந்தபோது 2,600 மெகாவாட் ஒரேயடியாக ஏறியது. 1990 ஜூலை 4, உலகக் கோப்பை அரையிறுதி. இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றதும் 2,800 மெகாவாட். கூடங்குளத்தின் முதல் இரு உலைகளும் முழுத் திறனில் தருவதே 2,000 மெகாவாட்தான். கெட்டில் மட்டுமல்ல காரணம். லட்சக்கணக்கானோர் கழிவறைக்குப் போக, தண்ணீர் இறைக்கும் பம்புகளும் சேர்ந்து ஓடின.

ஆகவே மின்தேவையைக் கணிப்பவர்களின் மேசையில் வானிலை அறிக்கைக்குப் பக்கத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலும் இடம்பிடித்தது. எந்தத் தொடர், எத்தனை பேர் பார்ப்பார்கள், இடைவேளை எப்போது, முடிவில் அழுகையா சிரிப்பா. போட்டி கூடுதல் நேரத்துக்குப் போனால் முழு அட்டவணையும் தள்ளிப்போகும் என்பதால் கட்டுப்பாட்டு அறையிலேயே ஒரு டிவி ஓடும். அடுத்த சில நொடிகளுக்கான விடை வேல்ஸில் இருந்தது. ஒரு மலையைக் குடைந்து கட்டி 1984இல் இயங்கத் தொடங்கிய டினோர்விக் நீரேற்று மின்நிலையம் 12 நொடிகளில் சுழியத்திலிருந்து 1,320 மெகாவாட்டுக்கு ஏறக்கூடியது. புள்ளியியல் தோராயமாகச் சொன்னதை, மலைமேல் தேங்கிய தண்ணீர் துல்லியமாக்கியது. இன்று ஆளாளுக்குத் தனித் திரையில், தனி நேரத்தில் பார்க்கிறார்கள். கெட்டில் துள்ளலும் தணிந்துவிட்டது.

இந்தியாவுக்கு இதற்கு நேர் எதிரான சோதனை 2020 ஏப்ரல் 5 அன்று வந்தது. ஊரடங்கு நாள், இரவு 9 மணி. ஒன்பது நிமிடம் விளக்குகளை அணைக்கும்படி பிரதமர் கேட்டிருந்தார். தொழிற்சாலைகள் ஏற்கெனவே மூடிக் கிடந்ததால் கட்டமைப்பில் இருந்தது பெரும்பாலும் வீட்டுச் சுமை. தேசிய மின்பளு பகிர்வு மையத்தினர் 12 முதல் 14 ஆயிரம் மெகாவாட் வரை இறங்கும் என்று முன்கூட்டிக் கணித்தார்கள். இறங்கியது 31 ஆயிரத்துக்கும் மேல். விளக்கை மட்டும் அணைத்தால் போதும், ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடட்டும் என்று அரசு விளக்கம் தந்திருந்தும் மக்கள் விளக்கோடு நிற்கவில்லை என்றே தோன்றுகிறது. கணிப்பு இரண்டு மடங்குக்கு மேல் பிசகியும் கட்டமைப்பு விழவில்லை. நீர்மின் நிலையங்கள் சட்டென்று இறங்கி ஏறிக் காப்பாற்றின. இப்படி ஒரு நிகழ்வு முன்பு நடந்ததில்லை. பழைய எண்களில் தேடினால் விடை எங்கிருந்து வரும்?

சாதாரண நாட்களுக்கான கருவிகள் வேறொரு தொழிலிலிருந்து இரவல் வந்தவை. சார்லஸ் ஹோல்ட் 1957இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்துக்காக எழுதிய குறிப்பும், பீட்டர் வின்டர்ஸ் 1960இல் வெளியிட்ட கட்டுரையும் சரக்கு இருப்பையும் விற்பனையையும் கணிக்கப் பிறந்தவை. சமீபத்திய எண்ணுக்கு அதிக மதிப்பு, பழசுக்குப் படிப்படியாகக் குறைவு, அதோடு பருவத்தின் ஏற்ற இறக்கம். மின்சாரத்துக்குப் பருவம் ஒன்று போதாது: நாளுக்குள் ஒரு சுழற்சி, வாரத்துக்குள் இன்னொன்று. ஆக்ஸ்ஃபோர்டின் ஜேம்ஸ் டெய்லர் 2003இல் அந்த இரண்டையும் ஒரே சூத்திரத்தில் சேர்த்து, இங்கிலாந்து–வேல்ஸின் அரைமணி எண்களில் சோதித்தார். ஒரு நாட்டின் சுமைக்கு அது நன்றாகவே பொருந்தியது.

ஒரு நாட்டுக்குப் பொருந்துவது ஒரு வீட்டுக்குப் பொருந்துமா?

1970களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சோகோலோ குழுவினர் நியூ ஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரே வரைபடத்தில், ஒரே ஒப்பந்தக்காரர் கட்டிய வரிசை வீடுகள். ஒரே வானிலை. ஆனாலும் குளிர்காய எரித்த எரிவாயு வீட்டுக்கு வீடு இரண்டு மடங்கு வேறுபட்டது. சுவர், ஜன்னல் குறையா? குடியிருப்பவர் மாறிய வீடுகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது விஷயம் புலப்பட்டது: பழைய குடும்பம் எவ்வளவு எரித்தது என்பது புதிய குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. எரிவாயு பற்றிய ஆய்வுதான், ஆனால் மின்சாரத்தைக் கணிப்பவர்களுக்கும் சங்கடமான செய்தி. அவர்கள் அளந்துகொண்டிருந்தது கட்டடத்தை என்று நினைத்தார்கள், அளந்தது குடும்பத்தை.

சராசரி வீடு என்ற ஒன்றை எங்கும் பார்க்க முடியாது. ஆனாலும் அதன் பெயரில் பெரும்பணம் கைமாறியது. 1998இல் பிரிட்டன் வீட்டு மின்சார விற்பனையைப் போட்டிக்குத் திறந்தபோது, எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எந்த அரைமணியில் எவ்வளவு எரித்தார் என்று தெரிந்தால்தான் மொத்தச் சந்தையில் கணக்குத் தீர்க்க முடியும். கோடிக்கணக்கான வீட்டு மீட்டர்களுக்கோ அப்போதும் மணி தெரியாது. மாதிரிக்கு எடுத்த வீடுகளில் அரைமணிக் கருவி பொருத்தி, வெப்பநிலை, சூரியன் மறையும் நேரம், கிழமை ஆகியவற்றோடு இணைத்து எட்டு வகை வளைவுகள் வரைந்தார்கள்; அவற்றில் இரண்டு வீடுகளுக்கு. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று தெரிந்த வீட்டை அந்த வளைவில் பரப்பிவிட்டால் ஒவ்வொரு அரைமணிக்கும் ஓர் எண் கிடைக்கும். அடுத்த ஆண்டே ஜெர்மனியும் எச்0 என்ற வீட்டு வளைவை வெளியிட்டது. கால்மணிக்கு ஓர் எண் வீதம் நாளுக்கு 96.

உண்மையான ஒரு வீட்டின் ‘எப்போது’ எப்படி இருக்கும் என்பதை உலகம் பார்க்கக் கிடைத்தது பாரிஸுக்கு ஏழு கிலோமீட்டர் தள்ளியுள்ள சோ என்ற ஊரிலிருந்து. 2006 டிசம்பர் 16 மாலை 5.24 மணிக்குத் தொடங்கி 2010 நவம்பர் வரை, நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே வீட்டில் அளந்த எண்கள்: மொத்தம் 20,75,259 வரிசைகள். பிரெஞ்சு மின்நிறுவனத்தின் ஆய்வுப்பிரிவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெப்ராயும் அலிஸ் பெராரும் இதைக் கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் பொதுவில் வைத்தார்கள். புள்ளியியல் பழகும் மாணவர்கள் பலர் இன்று இந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வருகிறார்கள். மூன்று துணை மீட்டர்கள்: சமையலறை, துணி துவைக்கும் அறை, வெந்நீர் ஹீட்டரும் ஏசியும். சமையலறையில் பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஓவனும் உண்டு, அடுப்பு எரிவாயு. நூற்றில் ஒன்றேகால் வரிசை காலி. குளிர்காலத்தில் கோடு உயர்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் விடுமுறைக்குப் போகும் ஆகஸ்டில் தாழ்கிறது. சராசரி 1.09 கிலோவாட், உச்சமோ 11.12. அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது மட்டும் பதிவில் இல்லை.

சராசரிக்கும் உச்சத்துக்கும் பத்து மடங்கு இடைவெளி இருக்கும் கோட்டில் நாட்டுக்கான சூத்திரங்கள் தடுமாறுகின்றன. கணிப்பவர் மாலை ஏழு மணிக்கு ஓவன் ஏறும் என்கிறார். வீட்டுக்காரர் ஏழரைக்கு ஏற்றுகிறார். வழக்கமான பிழைக் கணக்கில் இது இரட்டைத் தண்டனை: ஏழு மணிக்கு இல்லாததைச் சொன்ன பிழை, ஏழரைக்கு இருந்ததைச் சொல்லாத பிழை. ஒன்றுமே ஏறாது என்று தட்டையாகக் கோடு போட்டவருக்கு ஒரு பிழைதான். சோம்பேறிக்கு முதல் மதிப்பெண்! பிரிட்டனின் ஸ்டீபன் ஹேபனும் கூட்டாளிகளும் 2014இல் இதற்காகவே புதிய அளவுகோல் ஒன்றை முன்வைத்தார்கள். உச்சம் சற்று முன்பின் நகர்ந்தால் மன்னித்துவிடும் அளவுகோல்.

‘எப்போது’ கிடைத்தால் அதிலிருந்து வேறு எதெல்லாம் கிடைக்கும் என்று முன்பே யோசித்தவர் ஒருவர் உண்டு. எம்ஐடியின் ஜார்ஜ் ஹார்ட், வீட்டுக்குள் போகாமலே, வெளியிலிருந்து வரும் ஒற்றைக் கம்பியின் ஏற்ற இறக்கத்தைப் படித்து எந்தச் சாதனம் எப்போது ஓடியது என்று பிரித்துச் சொல்லும் முறையை 1980களில் உருவாக்கினார். 1992இல் வெளிவந்த அந்தக் கட்டுரை புகழ்பெற்றது. 1989இலேயே அவர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: இந்த முறை வேவு பார்க்கவும் பயன்படும் என்ற எச்சரிக்கை. எழுந்த நேரம், குளித்த நேரம், வீடு பூட்டிக் கிடந்த வாரம் எல்லாம் அந்தக் கோட்டில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் கணக்கெடுப்பாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து வெள்ளை அட்டையில் எழுதுகிற வீட்டுக்கு ஆண்டுக்கு ஆறு எண்கள். வேவுக்கும் கணிப்புக்கும் அதில் ஒன்றுமில்லை. அரைமணிக்கு ஒருமுறை பதியும் மீட்டரானால் ஆண்டுக்கு 17,520. நெதர்லாந்தின் மேலவை இந்த எண்களைப் பார்த்துத்தான் தயங்கியது. எல்லா வீட்டிலும் கட்டாயமாக ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும் மசோதாவை 2009இல் அந்தரங்க உரிமையைக் காட்டி நிறுத்தியது. பிறகு திருத்தி வந்த சட்டம், வேண்டாம் என்று சொல்லவும், மீட்டரைப் பொருத்திக்கொண்டு அது எண் அனுப்பாமல் தடுத்துவைக்கவும் வீட்டுக்காரருக்கு உரிமை தந்தது. அப்படி மறுத்த வீடுகளின் ‘எப்போது’ சராசரி வீட்டின் வளைவிலிருந்தே நிரப்பப்பட்டது.